அக்கா பிடுங்காத பிளக்

1

போன ஐப்பசியில் ஒரு நாள் திருவனந்தபுரத்தில் நல்ல இடி. என் சர்வர் அணையவில்லை. அதிலிருந்துதான் எனக்குக் கவலை.

என் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சர்வர் அணைந்தால்தான் நாங்கள் பதறுவோம். அணையாமல் இருந்தால் கேக் வெட்டுவோம். நான் ஃபின்லாந்தில் தம்பெரே என்ற ஊரில் இருக்கிறேன். துறைமுகங்களில் சரக்கு ஏற்றி இறக்குவதற்கான மென்பொருள் எழுதிப் பிழைப்பு. வந்து பல வருடம் ஆகிவிட்டது. உடம்பு குளிருக்குப் பழகிவிட்டது, மனசு பழகவில்லை என்றெல்லாம் எழுதப் போவதில்லை. மனசும் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். என் அக்கா பகவதி திருவனந்தபுரத்தில் தனியாக இருக்கிறாள் என்பது.

எங்கள் வீடு சாலைக் கம்போளம் என்ற கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து அங்கே ஓர் இரும்புச்சாமான் மொத்தக் கடையில் கணக்கெழுதினார். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அக்காதான் என்னை வளர்த்தாள், படிக்க வைத்தாள், விமானம் ஏற்றி விட்டாள். அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் "அதுக்கொக்க எங்க நேரம் இருந்து?" என்பாள். கேட்டவர்தான் சங்கடப்பட்டுப் போவார்.

அவள் இனிமேலும் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியுமா, முடியாதென்றால் யார் கூட இருப்பது? அந்த இடி நாளிலிருந்து நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

2

சொந்தமாகச் சர்வர் வைத்துக்கொள்வது எங்கள் கூட்டத்தில் ஒரு பைத்தியம். உலகமே தன் படங்களையும் பாட்டுகளையும் யாரோ ஒரு பெரிய நிறுவனத்தின் இயந்திரத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. எங்களில் சிலருக்கு அது ஒத்துவராது. என் வீட்டுப் படம் என் வீட்டில் இருக்க வேண்டும், எவனோ விதியை மாற்றினால் நான் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று வீம்பு. இந்த வீம்புக்காகச் சனி ஞாயிறுகளைத் தொலைத்தவர்களின் சங்கம் ஒன்று தம்பெரேயிலும் இருக்கிறது. நானும் அதில் உண்டு.

ஆனால் மற்றவர்கள் எல்லாரும் சர்வரைத் தங்கள் வீட்டு நிலவறையில் வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் அக்கா வீட்டில், அலமாரிக்கு மேல் வைத்தேன். பழைய சின்னக் கணினி ஒன்று, ஒரு பெட்டி, ஒரு பச்சை விளக்கு. தொழில்நுட்ப ரீதியாக இது மடத்தனம். கரண்டு போகும், சூடு ஏறும், ஈரக்காற்று வேறு. எல்லாம் தெரிந்துதான் வைத்தேன். அந்த வீட்டில் என்னுடையது என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசை. அக்கா அதற்குச் சின்னத் துணி விரித்து, மேலே பல்லி விழாமல் ஒரு அட்டையும் சாய்த்து வைத்தாள்.

ஐப்பசி வந்ததும்தான் பிரச்சினை. திருவனந்தபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே துலாவர்ஷம் என்றால் காலையில் பளீரென்று வெயில் அடிக்கும், மத்தியானத்துக்குமேல் மலைப்பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வரும், பிறகு இடி. முதல் இடி உறுமியதும் சந்து முழுக்க ஒரே வேலைதான். டிவி, ஃப்ரிட்ஜ், மிக்சி, இணையப் பெட்டி என்று எல்லாப் பிளக்கையும் பிடுங்கிப் போடுவார்கள். பிடுங்குவதை அங்கே ஊருவது என்போம். அடுத்த வீட்டுச் சாரதா சேச்சி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து "பகவதீ, ஊரியோ?" என்று கூப்பிடுவார். அக்கா "ஊரியாச்சு!" என்று பதில் கொடுப்பாள். அந்த நொடியில் இங்கே என் கைப்பேசி அலறும், சர்வர் போய்விட்டது என்று.

ஐப்பசி முழுக்க இதே கூத்து. என் சர்வர் ஓடிய நேரத்தின் வரைபடத்தைப் பார்த்தால் அணில் கடித்துப் போட்ட கொய்யா மாதிரி இருக்கும். இப்படி வெடுக்கென்று பிடுங்கினால் உள்ளே கோப்புகள் சிதையும் என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். அதற்காகவே ஒரு பட்டன் செய்து கொடுத்தேன். அதை அழுத்தினால் சர்வர் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவைத்துவிட்டுத் தானாக அணையும், அப்புறம் பிடுங்கலாம்.

"அது அணைய எத்தன நேரம் ஆவும்?"

"கொஞ்ச நேரந்தான்க்கா."

"நீ மூடிக் கெட்டி வைக்குத வரைக்கும் இடி வாசல்ல காத்து நிக்குமா? போலே!"

அவள் பட்டனைத் தொடவே இல்லை. வேறு வழியில்லாமல் நான்தான் மாறினேன். எந்த நொடியில் பிடுங்கினாலும் எதுவும் கெடாதபடி எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். அப்போதுதான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. நல்ல மென்பொருள் என்பது ஒழுங்காக நடந்துகொள்கிற ஆட்களுக்காக எழுதப்படுவதல்ல. எங்கேயோ ஓர் அக்கா இருக்கிறாள், அவள் எப்போது வேண்டுமானாலும் பிடுங்குவாள் என்று நினைத்து எழுத வேண்டும். அலுவலகத்தில் இதை ஒரு தடவை வேடிக்கையாகச் சொன்னேன். அது ஒட்டிக்கொண்டது. புதிதாக எதையாவது வடிவமைத்தால் "அக்கா சோதனையில் தேறுமா?" என்று இப்போது ஃபின்னியர்களே கேட்கிறார்கள். முதலில் ஒருவர் கூச்சப்பட்டார், அவர்கள் மொழியில் அக்கா என்ற சொல் வயதான பெண்ணைக் குறிக்கும் மரியாதையில்லாத வார்த்தையாம். அக்காவிடம் சொன்னேன். "கெழவிதானல, தப்பொண்ணும் இல்லியே" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

3

அந்தச் சர்வரில் ஒரு விளையாட்டும் ஓடுகிறது. கட்டை கட்டையாக அடுக்கி ஓர் உலகத்தையே கட்டிக்கொள்ளும் விளையாட்டு. என் மகள் அனு சின்னவளாக இருந்தபோது, பள்ளிகள் மூடிக்கிடந்த அந்த நோய்க்காலத்தில், அவளுக்கும் அக்காவுக்குமாக ஓர் உலகம் போட்டுக் கொடுத்தேன். வேறு யாரும் உள்ளே வர முடியாது.

நான் சிறுவயதிலிருந்து விளையாடுகிறவன். எத்தனையோ பேர் விளையாடிப் பார்த்திருக்கிறேன், அக்காவைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை. அவள் ஓடமாட்டாள், நடப்பாள். "எதுக்கு ஓடணும்? பஸ்ஸா போவுது?" அந்த விளையாட்டில் மாட்டை வெட்டினால் இறைச்சி கிடைக்கும். தினமும் மீன்குழம்பு வைக்கிறவள் அதற்குமட்டும் சம்மதிக்கவில்லை. "இது நாம வளத்த மாடுல்லா." இருட்டான இடங்களில் பேய்கள் முளைக்கும், கத்தியை எடுத்துக்கொண்டு சண்டை போட வேண்டும். அக்கா கத்தி செய்யவே இல்லை. "வெளிச்சம் இல்லாத்த எடத்துலதான் இந்தச் சவங்க மொளைக்கு" என்று கண்டுபிடித்து, போகிற இடமெல்லாம் பந்தம் நட்டுக்கொண்டே போனாள். கொஞ்ச நாளில் அந்த உலகத்தில் பேயே இல்லாமல் போய்விட்டது. அனுவுக்குச் சண்டை போட ஆள் இல்லை.

அனு தமிழ் கற்றுக்கொண்டது அங்கேதான். நானும் என் மனைவி சுதாவும் வீட்டில் பேசுகிற தமிழ் பாதி அவசரம், பாதி ஆங்கிலம். அக்காவிடம்தான் அவளுக்கு மணிக்கணக்கில் பேச்சு. ஒரு தீபாவளிக்கு இங்கே சென்னைக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த அம்மாள் இனிப்புப் பெட்டியை நீட்டினார். அனு மிகவும் பணிவாக "அந்தச் சவத்த அங்க வைங்க ஆன்ட்டி, அப்புறம் எடுக்கேன்" என்றாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் பக்கத்தில் அது தொல்லை பிடித்த எந்தப் பொருளுக்கும் சொல்வதுதான், யாரும் சாகவில்லை என்று சுதா விளக்கி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. அக்காவிடம் சொன்னபோது "நான் சொல்லிக்குடுத்தது வீணாப் போவல்ல" என்றாள்.

ஐப்பசியில் அந்த உலகம் திடீரென்று மறையும். விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும். அனு அறையிலிருந்து "அத்தை ஊரிட்டா!" என்று கத்துவாள். அவளுக்கு அது அழுகை இல்லை, வேடிக்கை. உலகம் அணைவதும் அத்தை வைத்த ஒரு விதி என்று எடுத்துக்கொண்டாள்.

பெரிய வகுப்புக்குப் போனதும் அனு மாறினாள். இப்போது தலையில் பெரிய ஹெட்போன், துப்பாக்கி விளையாட்டு, கூட விளையாடுவதெல்லாம் ஃபின்னியப் பிள்ளைகள். அந்த மொழியில் அவள் சிரிக்கிற சிரிப்பே வேறு மாதிரி இருக்கிறது. என்ன சொல்லி அவள் சிரிக்கிறாள் என்று பாதி நேரம் எனக்குப் புரியாது. பழைய உலகத்துக்கு வா என்று கட்டாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அக்கா மட்டும் தினமும் உள்ளே போய், அனு வளர்த்த ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்தாள். போனில் கேட்டால், "பிள்ளைக்குப் படிப்பு இருக்கும்லா. ஆட்டுக்கு அத்தை தீனி வச்சாச்சுன்னு சொல்லு" என்பாள். நான் சொல்வேன். அனு "சரிப்பா" என்பாள், திரும்பிப் பார்க்காமல்.

4

இங்கே அக்டோபரில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை. அந்த இடி நாளில் அனு வீட்டில் இருந்தாள். நானும் வீட்டிலிருந்து வேலை. என் மேசையில் இரண்டாவது திரை ஒன்று உண்டு. ஒரு பக்கம் சர்வர் ஓடுகிறதா என்று காட்டும் பச்சை விளக்கு, இன்னொரு பக்கம் உலகத்தில் எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும் வரைபடம். திருவனந்தபுரத்தின்மேல் மஞ்சள் புள்ளிகள் பொரிந்துகொண்டிருந்தன. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். மின்னலைத் தாங்குகிற பாதுகாப்புப் பெட்டி ஒன்றைப் போன தடவை மாட்டிவிட்டு வந்திருந்தேன், அக்கா கடைசியில் அதை நம்பிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். தண்ணீர் எடுக்க வந்த அனு திரையைப் பார்த்து நின்றாள்.

"அத்தை ஊரல்லியா?"

அவள் கேட்ட விதத்தில் எனக்கு ஏதோ செய்தது. போன் போட்டேன்.

"அக்கா, என்ன செய்யுதே?"

"சும்மா இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

"அங்க இடி வெட்டுதுல்லா?"

"இடியா? இங்க எங்க இடி?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, போனுக்குள் டமார் என்று கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்வதுகூடக் கேட்டது.

"அக்கா, பிளக்க ஊரு."

"ஆமா ஆமா. நில்லு, ஊரிட்டு வாறேன்."

செருப்புச் சத்தம் போயிற்று, வந்தது. "ஊரியாச்சு" என்றாள்.

என் திரையில் பச்சை அப்படியே இருந்தது.

"அலமாரி மேல இருக்க பெட்டிக்க பிளக்கா?"

"அதத்தான் ஊரினேன். எனக்க வீட்டுல எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" குரலில் கோபம் வந்துவிட்டது. அக்காவுக்கு என்மேல் கோபம் வராது, அன்றைக்கு வந்தது.

என் தோளுக்குப் பின்னால் நின்ற அனு, "அப்பா, இன்னும் ஓடுது" என்று மெதுவாகச் சொன்னாள். அக்காவுக்குக் கேட்டுவிடுமோ என்று போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

பிறகு சாரதா சேச்சியைக் கூப்பிட்டேன். மழையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "மோனே, ஃப்ரிட்ஜின்டெ பிளக்கு குறெ நாளாயி ஊரிக் கிடக்குன்னு. அகத்துள்ளதெல்லாம் சீத்தயாயி." பல நாளாகவே ஃப்ரிட்ஜ் பிளக் வெளியே தொங்குகிறது, உள்ளே எல்லாம் கெட்டுப்போய்க் கிடக்கிறது. அன்றைக்கு அக்கா எதை ஊரினாள் என்பது சேச்சிக்கும் தெரியவில்லை.

5

எங்கள் தொழிலில் நான் பொறுத்துக்கொள்ளாத ஒன்று உண்டு. பிழை வந்தால் அதைப் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த வரிக்குப் போகிற நிரல். எழுதினவனுக்கு அது வசதி. வெளியே எல்லாம் நன்றாக ஓடுவதாகத் தெரியும், உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். இளம்பிள்ளைகள் எழுதிக் கொண்டுவரும்போது இதைமட்டும் நான் விடமாட்டேன். விழுந்தால் சத்தமாக விழட்டும் என்பேன்.

அக்கா அப்படித்தான் பல மாதமாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். போனில் பெயர் வராவிட்டால் "அதாரு, நம்ம மத்தவன்" என்று சிரிப்பாள். நான் கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் "நீ சாப்பிட்டியா?" என்பாள். யாரும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை பெரிய பயம் இருந்திருந்தால் இவ்வளவு சாமர்த்தியம் வந்திருக்கும்!

கிடைத்த விமானத்தில் போனேன். அக்கா வாசலில் நின்றாள், என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், ஏன் சொல்லாமல் வந்தாய் என்று திட்டினாள். சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். வீடு சுத்தமாக இருந்தது. அடுப்படியில் மட்டும் ஒரே மாதிரி உப்புப் பொட்டலங்கள், அலமாரித் தட்டு கொள்ளாமல் வரிசையாக. கடைக்குப் போகும்போதெல்லாம் உப்பு வாங்கியிருக்கிறாள்.

சந்து முனையில் ஆட்டோ ஓட்டுகிற நிசாரின் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பொறுமையாக எல்லாம் கேட்டார், மூளையைப் படம் எடுக்கச் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து, மறதி நோய், ஆரம்பம்தான், போகப்போகக் கூடும், மருந்து கொடுக்கலாம், ஆனால் தனியாக விடாதீர்கள் என்றார்.

திரும்பும் வழியில் ஆட்டோ கரமனைப் பாலத்தில் ஏறியது. அக்கா, "எனக்கு மறதியாம். ஆபீஸ்ல எனக்க மேசையிலிருந்து ஒரு ஃபைலு காணாமப் போனதில்ல, தெரியுமா?" என்றாள்.

"தெரியும்க்கா."

"ஒண்ணுகூட."

ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நிசார் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

"பயமா இருக்கு தாணு" என்றாள்.

என் அக்கா பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

6

தம்பெரேக்குத் திரும்பியதும் அக்காவை இங்கே அழைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். அந்த அலுவலகத்துக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், எண் சீட்டு எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். எப்போதும் ஏதாவது ஒரு காகிதம் குறையும். இந்தத் தடவை எல்லாக் காகிதமும் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். பிறகு, "இவர் உங்கள் குடும்பம் இல்லை" என்றார்.

என்னுடைய ஃபின்னிய மொழி ஓட்டை. நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நம்பி, ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் ஆங்கிலத்திலும் அதையே சொன்னார். மனைவி குடும்பம், பதினெட்டு வயது ஆகாத பிள்ளை குடும்பம். அக்கா கிடையாது. அவர் மோசமானவர் இல்லை. முகத்தைப் பார்த்தால் வருத்தப்படுகிறார் என்று தெரிந்தது. "அவர்தான் என்னை வளர்த்தார்" என்றேன். "புரிகிறது" என்றார். சட்டத்தில் அதற்கு இடம் இல்லை என்பதையும் கனிவாகவே சொன்னார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். ஃபின்னியர்கள் நல்லவர்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "நீ போ, நாங்க சமாளிச்சுக்கிடுவோம்" என்று சுதாவே சொன்னாள். அக்கா வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா என்று நிறுவனத்தில் கேட்டேன். சில வாரம் பார்க்கலாம், அதற்குமேல் வரி, சட்டம் என்று ஆயிரம் சிக்கல் என்றார்கள். எல்லாரும் போகலாம் என்றால் அனுவுக்கு நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே மொழி இந்த ஊர் மொழிதான். அவளைக் கொண்டுபோய் எந்தப் பள்ளியில் உட்கார வைப்பது?

இதையெல்லாம்விட, அக்காவே ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு ஒருத்திக்கு சொகமில்லன்னா நீங்க மூணு பேரும் எதுக்கு எடம் மாறணும்? நான் உன்ன ஏத்தி விட்டது திரும்பி வாறதுக்கா?" முதியோர் இல்லம் பற்றிப் பேச்செடுத்தால் போனை வைத்துவிடுவாள். பகலில் கூட இருக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தேன். அவள் சாயங்காலம் பஸ் பிடித்துப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அக்கா தனிதான். தங்கி இருக்கிற ஆள் வேண்டாம், வீட்டுக்குள்ளே யாராவது நடந்துகொண்டே இருந்தால் தலை சுற்றுகிறது என்கிறாள்.

7

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். தை மாதம் போகும்போது ஒரு பெட்டி நிறைய உணரிகள் கொண்டு போனேன். வாசல் கதவு திறந்தால் சொல்லும் ஒன்று. கேஸ் கசிந்தால் சொல்லும் ஒன்று. அடுப்படியில் அதிக நேரம் நடமாட்டம் இல்லாவிட்டால் சொல்லும் ஒன்று. எல்லாம் அலமாரி மேலிருக்கிற அதே சர்வருக்குப் போகும். எந்த நிறுவனத்தின் கையிலும் அக்காவின் நடமாட்டத்தைக் கொடுக்க நான் தயாரில்லை. வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சுத்தமான நிரல் அதுதான். ஒவ்வொரு வரியையும் சோதித்தேன். எதையும் விழுங்காது. எது தவறினாலும் கத்தும்.

அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள். எல்லாம் தெளிவாக இருந்தது.

"இது ஒக்க என்னத்துக்குல?"

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உடனே தெரியும்லா."

"ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான்."

அவள் தலையாட்டினாள். ஒட்டி முடித்ததும் அவள் போனை வாங்கி, அவசர அழைப்பைத் தயார் செய்ய உட்கார்ந்தேன். பக்கத்துப் பட்டனைச் சில தடவை சேர்த்து அழுத்தினால் போதும். அதில் பதிந்திருக்கிற ஆட்களுக்கு வரிசையாக அழைப்பு போகும், அவள் இருக்கிற இடமும் போகும். கண் தெரியாவிட்டாலும், நம்பர் மறந்தாலும் கை போதும்.

"மொதல்ல ஆரு பேரு போட்டிருக்கே?"

"எனக்க பேரு."

"அத எடு."

"ஏன்க்கா?"

"வர முடியித ஆளுக்க பேரப் போடு. நான் குளிமுறியில விழுந்து கெடந்தா நீ எப்பிடி வருவே? எத்தன பிளேனு மாறணும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே நான் மற்றவர்களைக் கூப்பிட முடியும் என்றேன். ஃபின்லாந்தில் இருந்துகொண்டே எத்தனையோ துறைமுகங்களில் கோளாறுகளைத் தீர்த்திருக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது.

அக்கா சிரிக்கவில்லை. ஸ்டூலை என் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "சாரதா சேச்சி பேரு போடு. அவளுக்கு முட்டு வலி, ஆனா சத்தம் போட்டா சாலைக் கம்போளமே வந்திரும். பெறவு நிசாரு. அவன் முக்குலதான் வண்டிய போட்டுட்டு இருப்பான். பெறவு அந்த மருந்துக்கடைப் பையன் ஷிபு."

"சரிக்கா, மூணு பேரையும் போடுதேன். கடைசியா என்னையும் போட்டுக்கிடுதேன். ஒரு ஓரமா இருக்கட்டும்."

"வேண்டாம்."

"இருந்தா என்ன?"

அவள் என் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தாணு, எனக்கு இனி ஒண்ணொண்ணா மறக்கும். டாக்டரு உங்கிட்ட சொன்னது எனக்கும் கேட்டுது. சேச்சி பேரு போவும், நிசாரு பேரு போவும். உனக்க பேரு கடசியாத்தான் போவும். அது இதுல கெடந்துதுன்னா நான் அதத்தான் தேடிப் பிடிச்சு அமுக்குவேன், வேற ஆரையும் கூப்பிட மாட்டேன். நீ அங்கேருந்து என்ன செய்வே, பாவம். அதுனாலதான் வேண்டாங்கேன்."

என் பெயரை எடுத்தேன். அவள் சொன்ன வரிசையில் மூன்று பெயர்களையும் போட்டேன். எதை எழுதினாலும் சோதித்துப் பார்க்காமல் விடக் கூடாது என்பது என் வழக்கம், அதனால் பட்டனை அவளையே அழுத்தச் சொன்னேன். கட்டைவிரலால் அடுத்தடுத்து அழுத்தினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் சேச்சியின் போன் அடித்தது, அடுத்து சந்து முனையில் நிசாரின் போன், அப்புறம் எங்கேயோ தூரத்தில் ஷிபுவின் போன் அடித்திருக்கும். அக்கா என் சட்டைப் பையைப் பார்த்தாள். அதில் என் போன் சும்மா இருந்தது.